அடிக்கணக்கில் பூமியை அளந்தவர்

சர்வே லேப் டேப்புல ஒரு பக்கம் மீட்டர், மறுபக்கம் அடி. நம்ம புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரங்க 1790-களில் பூமியின் வளைவை அளந்து மீட்டரை உருவாக்கினாங்க. அதே வளைவை நம்ம பக்கம் அடிக்கணக்கில் அளந்தவர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன்.

1802-ல் சென்னை பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நேர்கோட்டை அளந்தார். வெயிலில் சங்கிலி நீளுமே! அதனால தெர்மாமீட்டர் பார்த்து ஒவ்வொரு அளவையும் திருத்தினார்.

கப்பலில் வந்த அவரோட அரை டன் தியோடலைட் பிரெஞ்சுக்காரங்ககிட்ட சிக்கியது. எதிரி நாடுதான், ஆனாலும் அறிவியல் கருவின்னு மொரீஷியஸிலிருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைஞ்சது. லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே சரிசெய்தார்.

1823-ல் அளவை வேலைக்கு நடுவிலேயே, மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்தார். அவரோட உதவியாளர் எவரெஸ்ட் பேர்ல சிகரமே இருக்கு. தொடங்கிவெச்ச லாம்ப்டனை சிவில் பசங்களாவது ஞாபகம் வெச்சுக்கலாம்.