நாடு மாறினாலும் தொழிலை விடாத பேலா குட்மான்

கால்பந்து என்றால் நமக்குப் பெலே தெரியும், மரடோனா தெரியும். கோல் போட்டவர் பெயர் நிற்கும், சொல்லிக் கொடுத்தவர் பெயர் மறந்து போகும். ஆனால் ஐரோப்பாவில் இன்றும் பேசப்படும் ஒரு கோச் உண்டு. அவர்தான் பேலா குட்மான்.

1899-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் நடன ஆசிரியர்கள். மகன் மனசோ பந்துக்குப் பின்னால் ஓடியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்காக ஆடினார். 1926-ல் அமெரிக்கா போய், அங்கே ஆடிச் சம்பாதித்தார். 1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. சேர்த்த பணமெல்லாம் போச்சு!

1933-ல் வியன்னாவில் கோச் வேலையைத் தொடங்கினார். 1939-ல் ஹங்கேரியின் உய்பெஸ்ட் அணிக்கு மிட்ரோபா கோப்பையை வாங்கித் தந்தார். அதே வருஷம் உலகப்போர் மூண்டது. 1944-ல் யூதர்களை ரயில் ரயிலாக ஏற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். குட்மான் ஒரு பரணில் ஒளிந்திருந்தார். பிறகு கட்டாய உழைப்பு முகாமில் சிக்கி, அங்கிருந்து தப்பினார். குடும்பத்தில் பலர் திரும்பி வரவே இல்லை.

அப்போது அவருக்கு வயது 45. வேறு யாராக இருந்தாலும் இடிந்து உட்கார்ந்திருப்பார்கள். குட்மான் மறுபடியும் மைதானத்துக்குப் போனார். போருக்குப் பின் ருமேனியாவில் பஞ்சம். அங்கே பணத்துக்குப் பதில் காய்கறியைச் சம்பளமாக வாங்கினார் என்பார்கள். 1955-ல் இத்தாலியின் மிலான் அணி முதலிடத்தில் இருக்கும்போதே அவரை வேலையை விட்டு நீக்கியது. அதற்குப் பிறகு, அணி முதலிடத்தில் இருந்தால் நீக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினாராம்!

1957-ல் பிரேசிலின் சாவோ பாலோ அணியைச் சாம்பியன் ஆக்கினார். பிறகு போர்ச்சுகல். 1961-ல் பென்ஃபிகா அணி பார்சிலோனாவை 3-2 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. 1962 இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட் இடைவேளையில் 3-2 என முன்னிலை. முடிவில் பென்ஃபிகா 5-3. கடைசி இரண்டு கோலும் போட்டவர், மொசாம்பிக்கிலிருந்து வந்த 20 வயசு யூசேபியோ.

வென்றபின் கூடுதல் ஊதியம் கேட்டார். நிர்வாகம் மறுத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நூறு வருஷத்துக்கு ஐரோப்பியக் கோப்பை கிடைக்காது என்று சாபம் விட்டதாக ஒரு கதை உண்டு. 1963 முதல் 2014 வரை எட்டு ஐரோப்பிய இறுதி ஆட்டங்களில் பென்ஃபிகா தோற்றதால் அந்தக் கதை நிலைத்துவிட்டது. ஆனால் 1965-ல் அதே அணிக்கு அவரே திரும்பி வந்து வேலை பார்த்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை.

அவரிடம் குறையும் உண்டு. முன்கோபி, யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார். அதனாலேயே பல இடங்களில் நிலைக்கவில்லை. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் வேலை பார்த்து, 1981-ல் வியன்னாவில் காலமானார்.

எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். நிலமோ கடையோ கிடையாது. கூட வரப்போவது கற்ற தொழில் மட்டும்தான். குட்மானிடமிருந்து பணத்தைப் பறித்தார்கள், உறவுகளைப் பறித்தார்கள், ஊரைப் பறித்தார்கள். கற்ற தொழிலை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை. அதற்குரிய கூலியைக் கேட்கவும் அவர் கூச்சப்படவில்லை. நாளைக்கு இன்டர்வியூவில் நிற்கப்போகும் நாமும் இந்த இரண்டையும் மனசில் வைப்போம்.