மவுஸ் வரும் முன்பே கர்சருக்கு டைமிங் சொன்னவர்... பால் ஃபிட்ஸ் கதை!

போன்ல ஒரு சாஃப்ட்வேர் டுட்டோரியல் பார்க்கிறீங்க. இந்த மூலையில் இருந்த கர்சர் சட்டுனு அந்த மூலைக்குப் பாயுது. அது எங்கேன்னு நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஒரு மெனு திறந்து மூடிடுது. பத்து செகண்ட் பின்னாடி போய் மறுபடி பார்க்கிறீங்க. நமக்குத்தான் மண்டையில ஏறலையோன்னு தோணுதா? தப்பு உங்க மேல இல்லை. இப்படிச் சொல்லவே தன் வாழ்நாளைச் செலவழித்த ஒரு மனிதரைத் தெரிஞ்சுக்கோங்க.

பால் ஃபிட்ஸ், 1912-ல் அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் பிறந்தவர். உளவியல் படித்துவிட்டு, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் விமானப்படை வேலைக்குப் போனார். ஏதாவது விபரீதம் நடந்தால் பழி பெரும்பாலும் விமானியின் தலையில்தான் விழும். ஃபிட்ஸும் அவருடைய சகா ரிச்சர்ட் ஜோன்ஸும், கன்ட்ரோல்களைக் கையாளும்போது நடந்த 460 தவறுகளை விமானிகளிடமிருந்தே கேட்டுத் திரட்டினார்கள். 1947-ல் வந்த அந்த ஆய்வில் ஒரு விஷயம் பளிச்சுனு தெரிந்தது. இன்ஜின் லீவர்களின் வரிசை விமானத்துக்கு விமானம் மாறியது. பழகிய கை பழகிய இடத்துக்குப் போகும். அங்கே வேறொரு லீவர் இருக்கும்! மாற்ற வேண்டியது ஆளை இல்லை, லீவரை.

அடுத்து, கை எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்ற கேள்வி. ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, குச்சி போன்ற ஒரு கருவியால் மாறி மாறித் தட்டச் சொன்னார். தகட்டின் அகலத்தையும் இடைவெளியையும் மாற்றி மாற்றி நேரத்தைக் கணக்கிட்டார். 1954-ல் வெளியான முடிவு ரொம்ப சிம்பிள்: இலக்கு தூரமானால் நேரம் கூடும், சின்னதானாலும் கூடும். தூரம் இரண்டு மடங்கானால், நேரம் இரண்டு மடங்காகாது; கொஞ்சம்தான் கூடும். தூரம், அகலம் இரண்டும் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய மாறாது. இதுதான் 'ஃபிட்ஸ் விதி'.

1965-ல், 52 வயதில் ஃபிட்ஸ் இறந்துவிட்டார். டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை மேடையேற்றி உலகத்துக்குக் காட்டியது 1968-ல்தான். பிறகு ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஜாய்ஸ்டிக், கீபோர்டு பட்டன்களோடு மவுஸைப் போட்டிக்கு விட்டார்கள். 1978-ல் வந்த முடிவில் மவுஸே ஜெயித்தது. தகடு தட்டிய கைகளின் அதே கணக்கு கர்சருக்கும் பொருந்தியது!

நீங்க டுட்டோரியல் செய்பவரா? அப்போ இது உங்களுக்கு. கர்சரின் எல்லா நகர்வுக்கும் ஒரே செகண்ட் வைக்காதீங்க. தூரத்தில் இருக்கும் குட்டி ஐகானுக்குக் கூடுதல் நேரம், பக்கத்தில் இருக்கும் பெரிய பட்டனுக்குக் குறைவான நேரம் கொடுங்க. இலக்கை நெருங்கும்போது நம் கை தானாக வேகம் குறைக்கும். கர்சரும் அப்படியே குறையட்டும். இன்னொண்ணு... மவுஸைப் பிடித்திருக்கும் உங்க கைக்கு எங்கே போகணும்னு தெரியும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால ஃபிட்ஸ் கணக்குக்கு மேல கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க. கர்சர் போய்ச் சேர்ந்ததும் ஒரு நொடி நின்னு, அப்புறம் க்ளிக் பண்ணுங்க.

யாராவது புரியலைன்னு சொன்னா, அவரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி உங்க டைமிங்கை ஒரு தடவை பாருங்க. விமானிகள் விஷயத்தில் ஃபிட்ஸ் செய்ததும் அதைத்தான்!