எழுதுகோல் ஏந்திய வீராங்கனை அபிகேல் ஆடம்ஸ்

(பத்தாம் வகுப்பு மாணவி)

வாளேந்திப் போர்க்களம் புகுந்த வீராங்கனைகளின் வரலாற்றைப் பாடநூல்களில் படித்து மகிழ்ந்திருக்கிறோம். போர்க்களத்திற்குச் சற்றுத் தொலைவில், நான்கு குழந்தைகளையும் ஒரு பண்ணையையும் காத்துக்கொண்டு, கடிதங்கள் எழுதியே வரலாற்றில் இடம்பெற்ற பெண்மணி ஒருவரும் உண்டு. அவர்தாம் அமெரிக்க நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் துணைவியார் அபிகேல் ஆடம்ஸ். அமெரிக்க விடுதலைப் போர் நாட்களை நேரில் கண்டதுபோல் இன்று நாம் அறிய முடிகிறதென்றால், அதற்கு அவருடைய கடிதங்களும் ஒரு காரணம். இத்தனைக்கும் அவர் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர்!

பிறப்பும் இளமையும்

1744ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அப்போது ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெய்மவுத் என்னும் கடலோர ஊரில் அபிகேல் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஸ்மித் ஒரு சபைப் போதகர். தாயார் எலிசபெத் செல்வாக்கு மிக்க குவின்சி குடும்பத்தில் பிறந்தவர்.

அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்னும் பேச்சு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஹார்வர்டு கல்லூரி 1636லேயே தொடங்கப்பட்டிருந்தும், அதன் கதவுகள் ஆண்களுக்கே திறந்திருந்தன. மேலும், அபிகேல் அடிக்கடி நோயுற்ற குழந்தை. ஆகவே அவரை எந்தப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. தந்தையின் நூலகமே அவருக்குப் பள்ளியாயிற்று. பாட்டியே ஆசிரியை ஆனார். வரலாறு, கவிதை, நாடகம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தார். ஆயினும் தம் எழுத்துப் பிழைகளையும் கையெழுத்தையும் எண்ணி வாழ்நாள் முழுவதும் அவர் வெட்கப்பட்டார். கற்பிக்க வேண்டிய காலத்தில் கற்பிக்காமல் விட்டவர்கள் அல்லவா அதற்காக வெட்கப்பட வேண்டும்?

திருமணம்

பக்கத்து ஊரான பிரெயின்ட்ரீயைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜான் ஆடம்ஸ், அபிகேலின் அறிவைக் கண்டு வியந்தார். அவர்களது திருமணத்திற்கு முன்பே கடிதப் போக்குவரத்து தொடங்கிவிட்டது. 1764இல் ஜான் பெரியம்மை நோய்த் தடுப்பிற்காகப் பாஸ்டன் நகரில் தனித்துத் தங்கியிருந்தபோது, அங்கிருந்து வந்த கடிதங்களைப் புகையில் காட்டிய பிறகே அபிகேலிடம் கொடுத்தார்கள். நோய் தாளில் ஒட்டிக்கொண்டு வரும் என்று அஞ்சிய காலம் அது. அவ்வாண்டு அக்டோபர் 25ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. அபிகேலுக்கு அப்போது வயது 19.

போர்க்களத்தின் கண்கள்

வரிச் சுமையாலும் அடக்குமுறையாலும் வெகுண்ட அமெரிக்கக் குடியேற்றங்கள் 1774இல் பிலடெல்பியா நகரில் பேரவை ஒன்றைக் கூட்டின. ஜான் ஆடம்ஸ் அதன் உறுப்பினராகச் சென்றார். பிரெயின்ட்ரீயிலிருந்து அந்நகரம் ஏறத்தாழ 300 மைல் தொலைவு. அன்றுமுதல் பத்தாண்டுக் காலத்தின் பெரும்பகுதியைக் கணவனும் மனைவியும் பிரிந்தே கழித்தனர். அந்தப் பிரிவுதான் அத்தனை கடிதங்களையும் எழுத வைத்தது.

போர் மூண்டதோ பாஸ்டனைச் சுற்றி. படைக்கு ஆளும் பணமும் திரட்டும் பேரவையோ தொலைவில் இருந்தது. அங்கிருந்த கணவருக்கு, போர் நடக்கும் இடத்தின் செய்திகளை அனுப்பும் கண்ணாக அபிகேல் விளங்கினார். 1775 ஜூன் 17ஆம் நாள் பங்கர் ஹில் போர் நடந்தது. அபிகேல் தம் ஏழு வயது மகன் ஜான் குவின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டருகில் இருந்த பென் குன்றின்மேல் ஏறினார். பீரங்கி முழக்கத்தைக் கேட்டார். சார்லஸ்டவுன் நகரம் தீப்பற்றி எரிவதைக் கண்டார். அப்போரில் அவர்களது குடும்ப நண்பரான மருத்துவர் ஜோசப் வாரன் உயிர் நீத்தார். சிறுவன் ஜான் குவின்சியின் முறிந்த விரலை வெட்டாமல் குணப்படுத்தியவர் அவர். மறுநாளே அபிகேல் கண்ணீருடன் அச்செய்தியைக் கணவருக்கு எழுதினார். தம் தாயார் வெள்ளீயக் கரண்டிகளைத் துப்பாக்கிக் குண்டு வார்க்கக் கொடுத்ததை ஜான் குவின்சி முதுமையிலும் மறக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் புதிய தளபதி ஜார்ஜ் வாஷிங்டனை அபிகேல் சந்தித்தார். அவருடைய கண்ணியமும் எளிமையும் தம் மனத்தைக் கவர்ந்ததைக் கணவருக்குத் தெரிவித்தார். தளபதியைத் தேர்ந்தெடுக்க முன்னின்று பாடுபட்ட ஜானுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்?

கடிதத்திற்கும் பகைவர் உண்டு

அந்நாளில் கடிதம் எழுதுவதும் ஆபத்தான செயலே. 1775இல் ஜான் எழுதிய இரு கடிதங்கள் வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கின. அவற்றுள் ஒன்று அபிகேலுக்கு எழுதியது. மற்றொன்றில் பேரவை உறுப்பினர் ஒருவரை அவர் ஏளனமாகக் குறிப்பிட்டிருந்தார். பகைவர் இரண்டையும் பாஸ்டன் செய்தித்தாளில் அச்சிட்டு ஊரறியச் செய்துவிட்டனர். அதன்பின் நம்பிக்கையானவர் கையில் மட்டுமே கடிதம் கொடுப்பது இன்றியமையாததாயிற்று. அபிகேல் தம் கடிதங்கள் பலவற்றில் போர்ஷியா என்றே கையெழுத்திட்டார். அது பண்டைய ரோமாபுரியின் புரூட்டஸ் என்பவருடைய மனைவியின் பெயர்.

1775 இலையுதிர் காலத்தில் சீதபேதி நோய் ஊரெங்கும் பரவியது. அபிகேலும் நோயுற்றார், பிள்ளை தாமஸ் படுத்த படுக்கையானான், வீட்டுப் பணிப்பெண் இறந்தாள். அக்டோபர் முதல் நாள் அருமைத் தாயாரும் மறைந்தார். துக்கம் சொல்லி அழக் கணவர் அருகில் இல்லை. தாளும் மையும்தான் துணை. ஆயினும் அந்தத் துயரக் கடிதங்களிலும் நாட்டு நிலையை அவர் எழுதத் தவறவில்லை.

பனிக்காலத்தில் ஹென்றி நாக்ஸ் என்னும் வீரர் டைகாண்டரோகா கோட்டையிலிருந்து பீரங்கிகளைச் சறுக்கு வண்டிகளில் இழுத்துவந்தார். 1776 மார்ச் மாதம் அவை டார்செஸ்டர் குன்றுகளில் ஏற்றப்பட்டன. வீடே அதிர்ந்த அந்த இரவுகளிலும் அபிகேல் எழுதிக்கொண்டிருந்தார். மார்ச் 17ஆம் நாள் ஆங்கிலேயப் படை பாஸ்டனை விட்டு வெளியேறியது. துறைமுகத்தில் 170க்கும் மேற்பட்ட கப்பல்கள் காடுபோல் நின்ற காட்சியைக் குன்றின் மீதிருந்து கண்டு எழுதினார்.

மறவாதீர் என்ற வேண்டுகோள்

அடுத்த இரு வாரங்களில், மார்ச் 31ஆம் நாள், அவர் எழுதிய கடிதமே உலகப் புகழ் பெற்றது. புதிய நாட்டிற்குச் சட்டம் இயற்றும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம், கணவன்மார் கையில் வரம்பற்ற அதிகாரத்தைக் கொடுக்க வேண்டாம் என்று அவர் வேண்டினார். மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும் உரிமையில்லாத காலம் அது. அன்பே உருவான கணவர் இதைப் படித்து என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார்! வேடிக்கையாகவே பதில் எழுதினார். அபிகேல் மனம் நொந்தாலும் வாயடைத்துப் போகவில்லை. நாட்டிற்கு வீரர்களும் அறிஞர்களும் வேண்டுமானால் கற்ற பெண்கள் வேண்டும் என்று ஆகஸ்டு மாதம் மீண்டும் எழுதினார். இம்முறை ஜான் அதனை ஏற்றுக்கொண்டார்.

இடையே ஜூலை மாதம், பிள்ளைகளுடன் பாஸ்டன் சென்று பெரியம்மைத் தடுப்பு செய்துகொண்டார். ஜென்னரின் தடுப்பூசி முறை 1796இல்தான் வந்தது. அதற்கு முன்பு நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழையே கையைக் கீறி வைப்பார்கள். உயிருக்கே தீங்கு நேரலாம். கணவர் அருகில் இல்லாத நிலையில் தாமே துணிந்து முடிவெடுத்தார். பிள்ளை சார்லஸ் நோய் முற்றித் துன்புற்றுப் பின் பிழைத்தான். இத்தனைக் கவலைக்கிடையிலும், ஜூலை 18ஆம் நாள் விடுதலை அறிக்கை பாஸ்டன் மாளிகை மாடத்திலிருந்து வாசிக்கப்பட்டபோது அவர் கூட்டத்தில் நின்றார். மக்களின் ஆரவாரத்தைக் கணவருக்கு வரைந்தனுப்பினார். அந்த அறிக்கையை உருவாக்கிய குழுவில் ஒருவர் ஜான்; அது மக்களை எட்டியதைக் கண்டு சொன்னவர் அபிகேல்.

பிரிவும் பொறுப்பும்

1777 ஜூலையில் அபிகேலுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. கணவர் அப்போதும் பிலடெல்பியாவில்தான் இருந்தார். 1778இல் ஜான், மகன் ஜான் குவின்சியுடன் தூதராகப் பிரான்சு சென்றார். கடிதங்கள் வந்துசேர மாதக்கணக்காயிற்று. பகைவர் கப்பல் நெருங்கினால் கடிதங்களைக் கடலில் எறிந்துவிடுவார்கள். பதில் வாராத நாட்களிலும் அபிகேல் எழுதுவதை நிறுத்தவில்லை. பண்ணையாட்களுக்குக் கூலி கொடுத்தார், வரி செலுத்தினார், கணவர் அனுப்பிய கைக்குட்டை போன்ற பொருள்களை விற்றுக் குடும்பத்தை நடத்தினார். 1779இல் சில மாதங்கள் வந்து தங்கிச் சென்ற கணவரை 1784 ஆகஸ்டில் இலண்டனில்தான் மீண்டும் கண்டார்.

1797இல் ஜான் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு ஜேம்ஸ் என்னும் கறுப்பினச் சிறுவனை அபிகேல் மாலைப் பள்ளியில் சேர்த்தார். அக்கம்பக்கத்தார் எதிர்த்தபோது, நிறத்தைக் காரணம் காட்டி ஒருவனுக்குக் கல்வியை மறுக்கலாமா என்று வாதாடி வென்றார். தமக்குக் கிடைக்காத பள்ளிப்படிப்பு அவனுக்குக் கிடைக்கச் செய்த அந்தச் செயல் போற்றத்தக்கது.

மறைவும் புகழும்

சட்டம் இடந்தராதபோதும் 1816இல் அபிகேல் தம் கைப்பட உயில் எழுதினார். தம் பொருள்களைப் பெரும்பாலும் பேத்திகள், சகோதரிகளின் பெண்கள், பணிப்பெண்கள் ஆகியோருக்கே பகிர்ந்தளித்தார். ஜான் அந்த உயிலை மதித்து நடந்தார். ஒருநாள் சிரித்த மனிதர் இறுதியில் தலைவணங்கினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1818 அக்டோபர் 28ஆம் நாள் குடற்காய்ச்சலால் அபிகேல் மறைந்தார். மகன் ஜான் குவின்சி 1825இல் குடியரசுத் தலைவரானதைக் காண அவர் இல்லை.

தம் கடிதங்களை எரித்துவிடும்படி அவர் கணவரிடம் வேண்டியதுண்டு. ஜான் எரிக்கவில்லை. 1840இல் பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் பாட்டியின் கடிதங்களை நூலாக வெளியிட்டார். கணவனும் மனைவியுமாக எழுதியவற்றுள் 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் பாஸ்டனில் பாதுகாக்கப்படுகின்றன.

அன்புத் தோழியரே! அபிகேலின் அந்த வேண்டுகோளுக்குப் பின் 144 ஆண்டுகள் கழித்து, 1920இல்தான், பாலின வேறுபாடு காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. கேட்டவுடன் கிடைக்காது என்பதற்காக அவர் கேட்காமல் இருந்துவிடவில்லை. பிழையாக எழுதிவிடுவோமோ என்று அஞ்சித் தாளை மடித்து வைத்துவிடவும் இல்லை. நமக்கோ இருக்கையும் ஏடும் ஆசிரியரும் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பெறாத ஒரு பெண் இத்தனை எழுதினார் என்றால், பெற்றிருக்கும் நாம் கண்ணால் கண்டதையும் நெஞ்சுக்கு நேர்மை என்று தோன்றியதையும் எழுதத் தயங்கலாமா?