அறிஞர் அண்ணாவும் அன்னக்குழற் பிணியும்

காஞ்சியம்பதியை அடுத்து ஓரிக்கை என்னுஞ் சிற்றூர் உளது. பல்லவ மன்னனால் நாடு கடத்தப்பெற்ற கணிகண்ணரோடு திருமழிசையாழ்வாரும் வெளியேற, அவர் சொற்கேட்டுப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்று, ஓரிரவு இங்கே தங்கினர் என்பது தலவரலாறு; ஓரிரவிருக்கையே ஓரிக்கை ஆயிற்று என்பர். பட்டுத்தறியின் ஒலிக்குப் பழகிய அப்பகுதியிலே, காஞ்சி நகரில், 1909 ஆம் வருஷம் செப்டம்பர் 15 ஆம் நாள், நெசவுக் குடியொன்றில் அண்ணாதுரை பிறந்தார். பின்னாளில் இவர் இயற்றிய நாடகமொன்றின் பெயரும் 'ஓர் இரவு' என அமைந்தது தற்செயலே. ஆயினும் நினைக்குந்தோறும் முறுவல் தோன்றுகின்றது.

சிற்றன்னை இராசாமணி அம்மையார் இவரை வளர்த்தார். வறுமையால் நகரசபை அலுவலகத்தில் சிறிது காலம் குமாஸ்தாவாக இருந்து, பின்னர்ப் பச்சையப்பன் கலாசாலையில் பயின்று 1934 இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' என்னும் வாரப் பத்திரிகையை நடத்தியதும், 1949 இல் தனிக் கழகம் கண்டதும், 1967 மார்ச்சு 6 இல் முதலமைச்சரானதும் யாவரும் அறிந்தவையே. அவற்றை விரித்துரைக்க ஈண்டு இடமில்லை. அவ்வெற்றிகட்கெல்லாம் கருவியாயிருந்தது அவர்தம் நா என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

அந்நாவிற்கு அணித்தாகிய அன்னக்குழலையே பிணி பற்றிற்று. புகையிலை மெல்லும் வழக்கம் அவருக்கு உண்டு; நோய்க்கு அதுவே ஏதுவென்பர். 1968 இன் இளவேனிலில் யேல் சர்வகலாசாலையின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்று மீண்டவர், அவ்வாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்குப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை பெறுதற்பொருட்டு மறுபடியுங் கடல் கடந்தார். அன்னக்குழலோ ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ளதாய், நெகிழ்ந்து விரியும் இயல்பினது. ஆதலின் உள்ளே கட்டி வளர்ந்து வழியைப் பெரிதும் அடைத்த பின்னரே சோறு தடைப்படுவது புலனாகும். அதற்குள் நோய் நிணநீர்க் குழல்வழியே பரவியிருத்தலுங் கூடும். இவ்வொளிவே அப்பிணியின் கொடுமை.

சென்னைக்கு மீண்டவர் ஓய்வை விரும்பினாரல்லர். நம் மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயர் பூண்ட 1969 ஜனவரி 14 இல், கலைவாணர் சிலையைத் திறந்துவைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954 இல் நிறுவிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தில், பிப்ரவரி 3 இல், தமது 59 ஆம் வயதில் மறைந்தார். அவ்வம்மையாரும் அதற்குச் சில திங்களுக்கு முன்னரே, 1968 ஜூலையில், இயற்கை எய்தியிருந்தனர்.

நிற்க. ஒரே பெயர்கொண்ட நோய்க்கு ஒரே மருந்து என்னும் கொள்கை இன்று நெகிழ்ந்துவிட்டது. மேற்சவ்வளவில் நிற்கும் சிறு கட்டியை, மார்பைப் பிளவாமலே, வாய்வழிச் செலுத்தும் உள்நோக்கிக் குழாயால் அகழ்ந்தெடுக்கின்றனர். சற்று ஆழ்ந்ததாயின், மருந்து, கதிர், கத்தி ஆகியவற்றுள் எது முந்துவது, எது வேண்டாவென ஆராய்கின்றனர். புகையிலையால் தோன்றும் செதிளணுப் புற்றும், குழலின் அடியிலும் இரைப்பையிலும் தோன்றும் சுரப்பிப் புற்றும் ஒரே வழியிற் பணிவன அல்ல. கட்டியின் அணுக்களில் ஹெர் 2 என்னும் புரதம் மிகுந்துள்ளதா, மரபணுப் பிழையைத் திருத்தும் ஆற்றல் குன்றியுள்ளதா என்று சோதித்து, அந்நோயாளிக்கே உரிய மருந்தைத் தேர்தலும் உண்டு. ஆனால் இத்தேர்வெல்லாம் நோய் இளையதாயிருக்கும்போதே பெரும்பயன் தரும்.

அண்ணா மறைந்த அவ்வாண்டே, அவர் பெயரால் காஞ்சியின் காரைப்பேட்டையில் அரசினர் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. சோறு விழுங்குங்கால் நெஞ்சில் தடையுணரும் ஓரிக்கை நெசவாளர், தம் ஊரையடுத்தே அதன் வாயிலை அடையலாம்.