அறிஞர் அஸீஸும் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதமும்

எங்களுக்குக் கரடியனாற்றில் கொஞ்சம் வயல் இருக்கிறது. ஏறாவூரிலிருந்து செங்கலடிச் சந்திக்கு வந்து, பதுளை வீதியில் திரும்பிப் போக வேண்டும். ஏறாவூரில் முஸ்லிம்கள், செங்கலடியிலும் கரடியனாற்றிலும் தமிழர்கள், அதே வீதியில் இன்னும் மேற்கே மகா ஓயாவுக்குப் போனால் சிங்களவர்கள். வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகும்போதெல்லாம், இந்த ஒரு வீதியில் முழு இலங்கையும் இருக்கிறதே என்று நினைப்பேன்.

கடந்த பெரும்போகத்தில் வயல் சம்பந்தமாக ஓர் அலுவலகத்திலிருந்து வாப்பாவுக்குக் கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். பக்கத்து வயல்காரர் தமிழர். அவருக்கும் அதே கடிதம், அவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. கடைசியில் மகா ஓயாவிலிருந்து நெல் வாங்க வந்த வியாபாரி ஒருவர்தான் வாசித்துச் சொன்னார். உர மானியத்துக்கான கூட்டத்துக்கு வரும்படி அழைத்திருந்தார்கள். கூட்டம் நடந்து மூன்று நாள் ஆகிவிட்டிருந்தது.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் எனக்கு அன்றைக்குத்தான் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் ஞாபகம் வந்தது. பரீட்சைக்காக ஸாஹிராக் கல்லூரி அதிபர், செனட்டர் என்று இரண்டு வரியில் பாடமாக்கி வைத்திருந்த பெயர். மறுநாள் நூலகத்தில் அவரைத் தேடத் தொடங்கினேன்.

அவர் பிறந்தது 1911 ஒக்டோபர் 4ஆந் திகதி, யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில். முதலில் ஓதல் பள்ளி, பிறகு வைத்தீசுவர வித்தியாலயம், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. ஒரு முஸ்லிம் பிள்ளை சைவர்களின் பாடசாலைகளில் தமிழ் படித்து வளர்ந்தது அன்றைய யாழ்ப்பாணத்தில் பெரிய புதினமல்ல. பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்து, மேற்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் போனார். இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானதும் திரும்பிவிட்டார். 1935இல் அச்சேவைக்குள் நுழைந்த முதலாவது முஸ்லிம் அவரே.

1942ஆம் ஆண்டுதான் அவரை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோன காலம். நெல் விளையும் கிழக்கின்மேல் அரசாங்கத்தின் கண் விழுந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்க அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அஸீஸை அனுப்பினார்கள். கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல். நெல்லைத் தேடி வந்தவர் எங்கள் ஆட்களின் வறுமையையும், கெட்டிக்காரப் பிள்ளைகள் காசில்லாமல் படிப்பை விடுவதையும் கண்டார். வந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கினார். அதன் தொடர்ச்சியாக 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அவருக்குக் கிடைத்தது.

1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. டீ.பி. ஜாயா அமைச்சராகிவிட்டதால் கொழும்பு ஸாஹிராவுக்கு அதிபர் தேவைப்பட்டது. சிவில் சேவைப் பதவி என்றால் அன்று எவ்வளவு பெரிது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். அஸீஸ் அதை விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வந்தார், 1961வரை இருந்தார். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்தார்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி படித்ததும் பின்பு படிப்பித்ததும் அங்கேதான். 1950இல் வாலிப முஸ்லிம் சங்கத்தை நிறுவினார். 1952இல் செனட்டரானார்.

நான் அதிக நேரம் நின்றது 1956இல். அவ்வாண்டு பெப்ரவரியில் களனியில் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி, சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற கொள்கைக்கு மாறியது. தேர்தலில் பண்டாரநாயக்க வென்றார், ஜூனில் சட்டம் நிறைவேறியது. சேர் ராசிக் பரீத் போன்ற முஸ்லிம் தலைவர்கள் அதை ஆதரித்தார்கள். அவர்கள் சொன்ன நியாயத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. முஸ்லிம்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சிங்கள ஊர்களின் நடுவே சிதறி வாழ்கிறார்கள். பெரும்பான்மையோடு பகைத்துக்கொண்டு எப்படி வாழ்வது? ஏறாவூரில் இருந்துகொண்டு காலி, மாத்தளை முஸ்லிமின் பயத்தை நான் அளக்கக் கூடாதுதான். அஸீஸ் கொழும்பில் இருந்துகொண்டே மறுபக்கம் நின்றார். முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ், மார்க்க நூல்களும் தமிழில். அதைக் கைவிட்டால் சமூகம் தன்னையே இழந்துவிடும் என்பது அவருடைய நிலைப்பாடு. சட்டத்தை எதிர்த்தார், கட்சியை விட்டும் விலகினார்.

எங்கள் பாடத்தில் சோவியத் ஒன்றியம் கலைந்து 1991இல் தனித்தனியான 15 நாடுகளின் கதை வருகிறது. லத்வியாவும் எஸ்தோனியாவும் 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே தாமாகக் குடியுரிமை கொடுத்தன. இலட்சக்கணக்கான ரஷ்ய மொழிக்காரர்கள் நாடற்றவர்களாகி, மொழிப் பரீட்சை எழுதிக் குடியுரிமை பெற வேண்டியதாயிற்று. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை, 1956இல் மொழி என்று நாம் முந்திக்கொண்டவர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பியதால் அந்நாடுகள் சில விதிகளைத் தளர்த்தின. 2004இல் சேர்ந்தும் கொண்டன. நமக்கு 1985இல் சார்க் அமைந்தது. சர்ச்சைக்குரிய விடயங்களைப் பேசுவதில்லை என்று அதன் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அஸீஸ் 1963இல் செனட்டை விட்டு அரசாங்க சேவை ஆணைக்குழு உறுப்பினராகி, 1971வரை இருந்தார். அவருடைய இலங்கையில் இஸ்லாம் என்ற நூல் வெளியானதும் 1963இல்தான். மிஸ்றின் வசியம், கிழக்காபிரிக்கக் காட்சிகள் முதலிய பயண நூல்களும் எழுதினார். எங்கள் நூலகத்தில் கிடைத்தது ஒன்றுதான், அதுவும் அட்டை கிழிந்தது.

ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. அவர் முதலில் நுழைந்த சிவில் சேவை 1963இல் ஒழிக்கப்பட்டது. அவர் அமர்ந்த செனட் 1971இல் ஒழிக்கப்பட்டது. சுதந்திரமான சேவை ஆணைக்குழுவும், சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவும் 1972 யாப்போடு போயின. 1973 நவம்பர் 24ஆந் திகதி அவர் வபாத்தானபோது, அவர் பணிசெய்த அரச மன்றங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸாஹிராவும் கல்விச் சகாய நிதியும் இருந்தன.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. பத்து வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் சில மணி நேரத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர் பிறந்த தெருக்களும் வெறுமையாயின. தமிழ் தன் மொழி என்று கட்சியை விட்டவரின் ஊர் அது. இதை வாப்பாவிடம் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. யுத்த காலத்தில் எங்கள் ஆட்களும் கரடியனாற்றுப் பக்கம் வயலுக்குப் போக முடியாமல் பல போகங்கள் இருந்தவர்கள்.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழிதான். யாப்பில் அப்படி இருப்பதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த அலுவலகத்துக்கு, இனிக் கடிதங்களைத் தமிழில் அனுப்பும்படி ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் வயலுக்குப் போய் வந்தவர், பக்கத்து வயல்காரருக்கும் ஒன்று வேண்டுமாம் என்றார்.