கண்ணை எடுத்தவன் கோலும் கொடுத்தான்



சமயக்குரவர் நால்வரில் சுந்தரரைப் பற்றிப் பேசினால் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். கல்யாணப் பந்தலில் ஓலையோடு வந்த கிழவர், திருப்புகலூரில் பொன்னாக மாறிய செங்கல், ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்த பொன், அவிநாசியில் முதலை வாயிலிருந்து மீண்டு வந்த பிள்ளை என்று நம் தேவார வகுப்புகளில் விரும்பிச் சொல்லும் கதைகள் இவை. நடுவிலே ஒரு கதை இருக்கிறது. அது வந்தால் மட்டும் பெரியவர்கள் நான்கு வரியில் சொல்லித் தாண்டிப் போய்விடுவார்கள். சுந்தரரின் இரண்டு கண்களும் போன கதை.

நான் திருமுறை வகுப்பு நடத்துகிறவன். மாணவர்கள் என்னை அதிகமாகக் குடைந்து கேட்பது இந்தக் கதையைப் பற்றித்தான். தோழன் என்று சொல்லிக்கிட்டு கண்ணையே எடுத்துக்கலாமா, இது என்ன நட்பு என்று கேட்பார்கள். கேள்வி வெறும் கதையைப் பற்றியதாக எனக்குத் தோன்றியதில்லை. தேர்வு முடிவு சரியில்லை, அப்பாவுக்கு வேலை போச்சு, வீட்டில் நோய் என்று வந்ததும் சாமி கைவிட்டுட்டார் என்று கோயில் பக்கமே வராமல் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முறை தாண்டிப் போகாமல் நின்று பார்ப்போம்.

சுந்தரர் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் பிறந்தவர். தந்தை சடையனார், தாய் இசைஞானியார். பெற்றோர் வைத்த பெயர் நம்பியாரூரர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய பிள்ளையின் அழகைப் பார்த்து, நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் கேட்டு வாங்கித் தம் பிள்ளையாகவே வளர்த்தார். ஆக, கஷ்டம் என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்தவர் என்றே சொல்லலாம்.

புத்தூரில் கல்யாணம் நடக்கும் வேளையில் கிழவர் ஒருவர் வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் அவரைப் பைத்தியம் என்று திட்டுகிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சுந்தரர் அடிமைதான் என்று தீர்ப்பாகிறது. உமது வீடு எங்கே என்று கேட்டால், கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். இவ்வளவு வம்பு பேசியவருக்கு வன்தொண்டர் என்று பட்டம். திட்டிய சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொல்லி அனுமதி வேறு! இந்த உறவு தொடங்கியதே சண்டையில்தான். இதை மறந்துவிட்டால் பின்னால் நடப்பது விளங்காது.

பிறகு திருவாரூரில் பரவையாரை மணந்தார். தியாகராசப் பெருமான் அவரைத் தோழராகவே ஏற்றுக்கொண்டார். தம்பிரான் தோழர் என்ற பெயர் அப்படி வந்தது. அடியார்க்கு அமுது படைக்க நெல் வேண்டுமா, பொன் வேண்டுமா, கேட்டால் கிடைக்கும். கேட்டது கிடைக்கும் வாழ்க்கை பல காலம் ஓடியது.

தலங்களை வணங்கிக்கொண்டே வடக்கே திருவொற்றியூர் வந்தார். இன்றைய சென்னையின் வடகோடியில் கடலோரமாக இருக்கும் ஊர். அங்கே கன்னிமாடத்தில் இருந்துகொண்டு இறைவனுக்குப் பூமாலை தொடுத்து வந்தவர் சங்கிலியார். ஞாயிறு என்ற ஊரைச் சேர்ந்தவர். சுந்தரர் அவரை விரும்பி, மணம் முடித்துத் தரும்படி இறைவனிடமே கேட்டார். இறைவன் சங்கிலியாரின் கனவில் வந்து சொல்ல, அவர் ஒரு நியாயமான கவலையைச் சொன்னார். திருவாரூரில் ஏற்கெனவே மனைவி இருப்பவர், என்னை விட்டுவிட்டுப் போய்விட்டால்? போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொள்ள முடிவாயிற்று.

இங்கேதான் நம் தோழர் ஒரு தந்திரம் செய்தார். சத்தியம் செய்யச் சன்னதிக்கு வரும்போது, நீர் மூலத்தானத்தை விட்டு வெளியே போய் மகிழமரத்தடியில் இரும் என்று இறைவனிடம் வேண்டிக்கொண்டார். சாமி இல்லாத சன்னதியில் செய்த சத்தியம் கட்டுப்படுத்தாது என்ற கணக்கு. இறைவனும் சரி என்றார். சரி என்றவர் நேராகச் சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழமரத்தடியில் கேள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் தோழிப் பெண்கள் அதையே கேட்டபோது சுந்தரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மரத்தை வலம் வந்து, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கல்யாணம் நடந்தது.

என் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் சிரிப்பார்கள். இறைவன் நண்பனை மாட்டிவிட்டுவிட்டார் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சங்கிலியாரும் அடியார்தானே? தினமும் மாலை கட்டிக் கொடுத்தவர்தானே? நண்பனுக்காக அந்தப் பெண்ணை ஏமாற்ற இறைவன் உடன்படவில்லை. சுந்தரரின் கண் போன கதையை அன்புக்கு எதிரான கதையாகப் பார்க்கிறவர்கள் சங்கிலியாரை மறந்துவிட்டுப் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வசந்தகாலம் வந்தது. தென்றல் வீசியதும் திருவாரூர் விழாவும், அங்கே தாம் பாடும் நேரமும் நினைவுக்கு வந்துவிட்டன. தாங்க முடியவில்லை. கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டிக் கால் வைத்ததும் இரண்டு கண்களும் இருண்டன.

காரணம் என்னவென்று அவர் தேடவில்லை. உடனே தெரிந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை, அங்கேயே விழுந்து கிடக்கவும் இல்லை. பாடிக்கொண்டே, வழிகாட்டுகிறவர்களின் துணையோடு நடக்க ஆரம்பித்தார். ஒற்றியூரிலிருந்து திருவாரூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கேஎல்லிலிருந்து ஜொகூர் பாரு போகிற மாதிரி தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நேர்வழியில் போகாமல், கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டு, கண் தெரியாமல் நடந்தார்.

முதலில் வடதிருமுல்லைவாயில். சங்கிலிக்காகத்தான் என் கண்ணை எடுத்துக்கொண்டாய் என்பதை அங்கே பாடிய பதிகத்திலேயே மறைக்காமல் வைத்துவிட்டார். ஊரறியக் கோயிலில் பாடுகிற பாட்டில் தம் குற்றத்தைச் சேர்த்துவிட்டார் பாருங்கள். அதே பாட்டில் கண்ணை எடுத்தவனைப் பண்புள்ளவன் என்றும் அழைக்கிறார். அந்த இடத்தை ஓதும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அடுத்து திருவெண்பாக்கம். சன்னதியில் நின்று, சாமி நீர் உள்ளேதான் இருக்கிறீரா என்று கேட்டார். கண் தெரியாத ஒருவர் தட்டுத் தடுமாறி வந்து கேட்கும் கேள்வி அது. பதில் வந்தது, ஆனால் பழைய தோழமைக் குரலில் வரவில்லை. யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல், இங்கேதான் இருப்பதாகவும் அவர் தம் வழியே போகலாம் என்றும் மரியாதையாக ஒரு வார்த்தை. கூடவே ஊன்றிக்கொள்ள ஒரு கோல். அவ்வளவுதான். கண் வரவில்லை.

இந்தக் கோலை நான் பெரிதாக நினைக்கிறேன். தண்டனையை உடனே ரத்து செய்ய இறைவன் விரும்பவில்லை. நடக்கிறவன் விழுந்துவிடவும் விரும்பவில்லை. நம்மில் எத்தனையோ பேர் கண்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, கைக்கு வந்த கோலைக் கவனிக்காமல் இருக்கிறோம். சுந்தரருக்கும் கோபம் வந்தது. ஊர்க்கதைப்படி அவர் கோலை வீசி எறிய, அது பட்டு நந்தியின் கொம்பு உடைந்ததாம். பதிகத்தில் அப்படி இல்லை. பழைய வெண்பாக்கம் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரிக்குள் மூழ்கிவிட்டது. கோயிலைப் பூண்டியில் எழுப்பியிருக்கிறார்கள். சாமிக்குப் பெயரே ஊன்றீசுவரர்.

கோலை ஊன்றிக்கொண்டு திருவாலங்காடு போய், காஞ்சிபுரம் வந்தார். ஏகாம்பரநாதர் சன்னதியில் இடக்கண் தெரிந்தது. ஒரு கண்தான். அந்த ஒரு கண்ணுக்கு அவர் பாடிய மகிழ்ச்சியைப் பார்த்தால் இரண்டும் வந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். நடை தொடர்ந்தது. உடம்பில் வேறொரு நோயும் சேர்ந்துகொண்டது. குத்தாலம் என்று இப்போது சொல்லும் திருத்துருத்தியில், இறைவன் சொன்னபடி குளத்தில் மூழ்கி எழுந்தபோது அது நீங்கியது.

கடைசியில் திருவாரூர். ஒற்றைக் கண்ணோடு தம் சொந்தச் சாமி முன் வந்து நின்றார். அங்கே அவர் பாடியது பணிவான பாட்டு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உன்னையே நம்பி, மீளாத அடிமையாக இருப்பவர்கள் உள்ளுக்குள் வெந்து வாடி நிற்க, நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்கிற குத்தல். வாழ்த்துவது மாதிரியே திட்டு. கூடப் பிறந்தவர்களிடமும் உயிர் நண்பர்களிடமும் மட்டும்தான் நாம் இப்படிப் பேசுவோம். கேட்காது என்று நினைக்கிறவரிடம் யாரும் இவ்வளவு கோபப்படமாட்டார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் வலக்கண் கிடைத்தது.

கண் வந்தும் வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஒற்றியூர்ச் செய்தி அறிந்த பரவையார் அவரை உள்ளே விடவில்லை. விடாததும் நியாயம்தானே! சுந்தரர் மறுபடி யாரிடம் போனார்? கண்ணை எடுத்த அதே தோழரிடம். அந்த இரவில் திருவாரூர்த் தெருவில் இறைவனே தூது நடந்தார். முதல்முறை கோயில் அர்ச்சகர் வேடத்தில் போனார், பரவையார் இசையவில்லை. இரண்டாம் முறை தம் உண்மைத் திருக்கோலத்தோடு போனார். அப்புறம்தான் பரவையார் மனம் இரங்கினார்.

பெண்ணிடம் தூது போக ஆண்டவனையா அனுப்புவது என்று கொதித்துப்போன அடியார் ஒருவரும் உண்டு, ஏயர்கோன் கலிக்காமர். அவருடைய கோபத்தில் எனக்குக் கொஞ்சம் அனுதாபம்கூட உண்டு. பின்னாளில் இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். சேக்கிழார் பெரிய புராணத்தில் சங்கிலியார் கதை, கண் போனது, தூது எல்லாவற்றையும் கலிக்காமர் புராணத்துக்குள்ளே வைத்துத்தான் பாடியிருக்கிறார். தேடிப் படிக்க நினைப்பவர்கள் அங்கே போய்ப் பாருங்கள். சுந்தரர் வழிநெடுகப் பாடிய பதிகங்களோ ஏழாம் திருமுறையில் இருக்கின்றன. தல வரிசைப்படி ஒற்றியூர், முல்லைவாயில், வெண்பாக்கம், ஏகம்பம், துருத்தி, ஆரூர் என்று எடுத்து வைத்து ஓதிப் பாருங்கள். ஆடி மாதம் சுவாதி நட்சத்திரத்தில் சுந்தரர் குருபூசை வருகிறது. அன்றைக்கு ஓத இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

திருவொற்றியூர்க் கோயிலில் அந்த மகிழமரம் இன்றும் இருக்கிறது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று ஒரு நாள் நடக்கும். சுந்தரரும் சங்கிலியாரும் மரத்தடிக்கு எழுந்தருள்வார்கள், சத்தியத்துக்குச் சாட்சியாக இறைவனும் அங்கே வந்து நிற்பார்.