மூளை வைத்திய மேதை ஹார்வி குஷிங்

மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை செய்வது நோயாளியை யமன் வாயிலுக்கு அனுப்புவதாகும் என்று மருத்துவர் பலர் அஞ்சியிருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வச்சத்தைப் போக்கியவர்களுள் தலைசிறந்தவர் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்கப் பெரியார்.

இவர் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8ஆம் நாள், கிளீவ்லாந்து நகரில், பத்து மக்களுள் கடைசியாகத் தோன்றினார். தந்தையும் பாட்டனாரும் மருத்துவர்களே. யேல் சர்வகலாசாலையில் கல்வி முடித்து, ஹார்வர்டு மருத்துவக் கலாசாலையில் 1895இல் பட்டம் பெற்றார். மாணவராயிருந்தபோது இவர் ஈதர் என்னும் மயக்க மருந்து கொடுத்த நோயாளி ஒருவர் உயிர் நீத்தார். அத்துயரம் இவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஆதலின், தோழர் கோட்மனுடன் கூடி, சிகிச்சை நடக்கும்போதே நாடியையும் சுவாசத்தையும் இடைவிடாது குறித்து வரும் வழக்கத்தை ஏற்படுத்தினார்.

பின்னர் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்னும் இரண சிகிச்சைப் பேராசிரியரிடம் பயின்றார். 1913 முதல் பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகாம் வைத்தியசாலையில் பணியாற்றினார். மூளையின் இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. அவற்றை நூலால் கட்டுதல் அரிது. இதற்காக 1911இல் சிறு வெள்ளிக் கவ்விகளை வகுத்தார். ஆயினும், உதிரம் மிக்க கட்டிகளை இவரும் தொடாமல் விடவேண்டியதாயிற்று.

1926ஆம் ஆண்டு இவருக்குச் சோதனையும் வெற்றியும் ஒருங்கே வந்த ஆண்டாகும். ஜூன் மாதத்தில் மூத்த மகன் மோட்டார் விபத்தில் மாண்டான். அச்செய்தி எட்டிய அன்றும், தமக்காகக் காத்திருந்த நோயாளியைக் கைவிடாது சிகிச்சையை முடித்தார். அவ்வாண்டிலேயே மண்டையோட்டில் கட்டி வளர்ந்த ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கி, இரத்தப்பெருக்கால் இடையில் நிறுத்தினார். அப்போது ஹார்வர்டைச் சேர்ந்த போவி என்னும் விஞ்ஞானி அமைத்த மின்சாரக் கருவியை நாடினார்.

சாதாரண மின்சாரம் தசைகளைத் துடிக்கச் செய்யும். ஒரு விநாடியில் பல்லாயிரம் முறைக்குமேல் திசை மாறும் மின்சாரமோ அவ்வாறு செய்வதில்லை. சிறு முனை வழியே பாயும்போது, அவ்விடத்துத் தசையைமட்டும் கடுஞ்சூடாக்கும். இடையறாத அலை தசையை அறுக்கும். விட்டுவிட்டு வரும் அலை உதிரத்தை உறையச் செய்து, குழாயை அடைக்கும். அக்டோபர் 1ஆம் நாள் இக்கருவியால் அக்கட்டி சிறிது சிறிதாக அகற்றப்பட்டது, நோயாளியும் பிழைத்தார்.

இடர்கள் இல்லாமற்போகவில்லை. மின்னதிர்ச்சி குஷிங்கின் கையையே தாக்கியதுண்டு. ஒருமுறை மின்பொறியால் ஈதர் ஆவி நீலச் சுடராய்ப் பற்றியதும் உண்டு. இவர் பின்வாங்கினாரில்லை. முன்பு இயலாதென்று அனுப்பிவிட்ட நோயாளிகளைத் திரும்ப அழைத்துச் சிகிச்சை செய்தார். 1928இல் தம் அனுபவத்தை யாவரும் பயன்கொள்ள வெளியிட்டார். போவியோ தம் உரிமையை ஒரே டாலருக்கு விற்றுவிட்டார்.

குஷிங் உதவியாளரிடம் கடுமை காட்டுபவர்; தம்மிடம் அதனினும் கடுமை காட்டியவர். வில்லியம் ஆஸ்லரின் வரலாற்றை எழுதி 1926இல் புலிட்சர் பரிசு பெற்றார். 1931இல் மூளைக்கட்டிச் சிகிச்சையில் இரண்டாயிரமாவதைச் செய்து முடித்தார். 1939 அக்டோபர் 7ஆம் நாள் இதயநோயால் மறைந்தார். அவர் உடலைப் பரிசோதித்தவர்கள் அவர் மூளையிலும் ஒரு சிறு கட்டி இருக்கக் கண்டனர்.

இன்று உலகெங்கும் இரண சிகிச்சைச் சாலைகளில் மின்சாரக் கத்தி இன்றியமையாததாய் விளங்குகின்றது. இயலாதென்று ஒருமுறை விட்டதை மறவாமல், வழி பிறந்தவுடன் மீண்டும் அதன்பாற் சென்ற அப்பெரியாரின் மனவுறுதி, மாணவராகிய நாம் போற்றிப் பின்பற்றத்தக்கதாம்.